வாழைப்பழ அப்பம் எண்ணெயில் விரிந்துபோகிறது, பக்குவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை (சத்துவாச்சாரி)

எல்லோருக்கும் வணக்கம். கார்த்திகை தீபத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. ஆயா (என் பாட்டி) தவறி வருஷம் திரும்பி வரும் முதல் கார்த்திகை இது. போன வருஷம் வீட்டில் எண்ணெய்ச் சட்டியே வைக்கவில்லை. இந்த வருஷம் பொரி உருண்டையும் வாழைப்பழ அப்பமும் நான்தான் செய்து படைக்க வேண்டும். பொரி உருண்டை கைவந்துவிட்டது. அப்பம்தான் வரமாட்டேன் என்கிறது.

நேற்று செய்து பார்த்தேன். கோதுமை மாவு ஒரு டம்ளர், பொடித்த வெல்லம் முக்கால் டம்ளர், நன்றாகக் கனிந்த ரஸ்தாளி மூன்று, ஏலக்காய், தேங்காய்ப் பல், ஆப்ப சோடா கால் ஸ்பூன். வெல்லத்தை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றினேன். முதல் கரண்டி மாவை எண்ணெயில் விட்டதும் திரளவே இல்லை. ஓரமெல்லாம் சல்லடை மாதிரி ஆகி, நுரை பொங்கி, சட்டி முழுக்கப் பரவிவிட்டது. ஜல்லிக்கரண்டியில் அள்ளினால் தூள் தூளாக வருகிறது. இரண்டு கை மாவு சேர்த்தேன். அப்புறம் திரண்டது, ஆனால் வெளியே கறுத்து, பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சை மாவு.

அம்மாவிடம் அளவு கேட்டால், "உங்க ஆயா என்னைக்கு அளந்து போட்டாங்க? கை அளவுதான்" என்கிறார். அந்தக் கை இப்போது இல்லை. தயவுசெய்து தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குடியாத்தம் டீக்கடை

அக்கா, நான் பதினெட்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் பஜ்ஜி, மசால் வடையோடு வாழைப்பழ போண்டாவும் போடுவேன். உங்கள் மாவில் தண்ணீர் அதிகம். வெல்லத்துக்கு அரை டம்ளர் தண்ணீர் எதற்கு? பழமும் வெல்லமும் ஒன்றாகப் பிசைந்து பத்து நிமிஷம் மூடி வைத்துப் பாருங்கள், அதுவே கூழாக இளகிவிடும். நான் சொட்டுத் தண்ணீர்கூட விடுவதில்லை. அந்தக் கூழ் எவ்வளவு மாவை வாங்குகிறதோ அவ்வளவு மாவுதான் என் அளவு. பழத்தைப் பார்த்து மாவு போட வேண்டும், மாவைப் பார்த்துப் பழம் போடக் கூடாது.

ஆரணி பெரியம்மா

கண்ணு, முதலில் கோதுமை மாவை எடுத்து உள்ளே வை. கார்த்திகை அப்பம் பச்சரிசியில் செய்வது. ஒரு டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு, தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டு, முக்கால் டம்ளர் வெல்லமும் சின்னப் பழம் இரண்டும் சேர்த்துத் தண்ணீர் விடாமல் அரைக்க வேண்டும். மிக்ஸி சுற்றவில்லையே என்று பயந்து தண்ணீர் ஊற்றிவிடாதே. வெல்லம் இளக இளகத் தானாகச் சுற்றும். இட்லி மாவை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு மணி நேரம் அப்படியே வைத்துவிட்டு அப்புறம் ஊற்று. கோதுமை மாவில் செய்தால் ஆறியதும் ரப்பர் மாதிரி இழுக்கும். அரிசியில் செய்தால் வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு.

எங்கள் ஊரில் அரிசிக்கா பஞ்சம்? ஆனால் ஆலையிலிருந்து வருவது பெரும்பாலும் புழுங்கல். கடையில் மாவுப் பச்சரிசி என்று கேட்டு வாங்கு. புழுங்கலில் இது வராது.

குடியாத்தம் டீக்கடை

பெரியம்மா, அரிசி அப்பம் ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் கோதுமை ரப்பராகிறது என்றால் மாவைப் போட்டு அடித்துக் கலக்கியிருப்பார்கள். மாவு போட்ட பிறகு கையை லேசாக வைத்து, வெள்ளை மறையும்வரை மட்டும் பிரட்ட வேண்டும். நாலில் ஒரு பங்கு அரிசி மாவும் சேர்த்தால் மொறுமொறுப்பும் கிடைக்கும்.

திருச்சூர் மகள் (வேலப்பாடி)

நான் நர்ஸ் வேலைக்காக வேலூருக்கு வந்தவள். திருமணமாகி இங்கேயே தங்கிவிட்டேன், இருபது வருஷமாகிறது. என் தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ச் சமையல் வீடியோக்களில் உண்ணியப்பத்துக்கு, அதாவது கேரளத்து வாழைப்பழ அப்பத்துக்கு, பாளையங்கோடன் பழம் என்று சொல்வார்கள். அதுதான் இங்கே நீங்கள் பூவன் என்று வாங்குவது. ஆனால் நாங்கள் பூவன் என்று சொல்வது உங்கள் ரஸ்தாளியை! நான் வந்த புதிதில் நேதாஜி மார்க்கெட்டில் பூவன் கேட்டு, வேறு பழத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கேரளச் சமையல் குறிப்பைப் பார்த்துச் செய்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பூவனில் லேசான புளிப்பு உண்டு. அந்தப் புளிப்புதான் வெல்லத்தின் திகட்டலை எடுக்கும். கொட்டாரக்கரை கணபதி கோயில் உண்ணியப்பம் சாப்பிட்டவர்களுக்கு அப்பத்தில் பழம் என்ன செய்யும் என்று தெரியும்.

சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிர்த் தெருக்களில் இருக்கும் மலையாளிக் கடைகளில் சாயங்காலம் கண்ணாடிப் பெட்டியில் நீளமாக மஞ்சளாக வைத்திருப்பது பழம்பொரி. அது வேறு. நேந்திரம் பழத்தை நீளவாக்கில் சீவி, மைதாவில் கொஞ்சம் அரிசி மாவு, சர்க்கரை, ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் கலந்து தோய்த்துப் போடுவது. நேந்திரம் பொரித்தாலும் குழையாது. அதனால்தான் அதற்கு அந்தப் பழம். ரஸ்தாளியைச் சீவிப் பழம்பொரி போட்டால் எண்ணெயில் கரைந்துவிடும்.

பாலாற்றங்கரை

சிஸ்டர், இந்தப் பூவன் விஷயம் எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. நன்றி. ஆயா ரஸ்தாளிதான் வாங்குவார். சில நேரம் பழத்துக்குள் கல் மாதிரி ஒரு கட்டி இருக்கும், அதை நகத்தால் நோண்டி எடுத்துப் போடுவார். அது என்னது?

சமையல்கூட வாத்தியார் (காட்பாடி)

அந்தக் கட்டி ரஸ்தாளிக்கே உள்ள குறை. சதையின் ஒரு பகுதி மட்டும் கனியாமல் இறுகி நிற்கும். மற்ற இடத்தில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், அந்த இடத்தில் மாறியிருக்காது. மிக்ஸியில் போட்டால் அதுவும் அரைந்து கலந்துவிடும், துவர்ப்பு தங்கும். உங்கள் ஆயா கையால் பிசைந்ததால் விரலில் பட்டது, எடுத்துவிட்டார். நீங்களும் கையாலேயே பிசையுங்கள்.

நான் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கிறேன். டீக்கடைத் தம்பி சொன்னது முழுக்கச் சரி. அதைக் கணக்காகச் சொல்கிறேன். வாழைப்பழத்தின் சதையில் ஏறக்குறைய 75 சதவீதம் தண்ணீர். ரஸ்தாளி மூன்று உரித்தால் சுமார் 200 கிராம் இருக்கும். அதிலேயே 150 மில்லி தண்ணீர் வந்துவிட்டது. வெல்லத்துக்கு நீங்கள் ஊற்றியது 100 மில்லி. ஆக 120 கிராம் மாவுக்கு 250 மில்லி தண்ணீர்! தோசை மாவே இதைவிடக் கெட்டியாக இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. மாவு எண்ணெயில் இறங்கியதும் அதில் உள்ள மாவுச்சத்து வெந்து இறுகினால்தான் அப்பம் திரளும். சர்க்கரை அதிகமாக இருந்தால் அந்த இறுக்கம் தள்ளிப்போகும். கோதுமையின் பசைத்தன்மையையும் சர்க்கரை தளர்த்திவிடும். இறுகுவதற்குள் நுரை வந்து பிரித்துவிடுகிறது. கனிந்த பழத்திலேயே நூற்றுக்குச் சுமார் இருபது பங்கு சர்க்கரை இருக்கும். அதனால் பழம் கூடினால் வெல்லம் குறைய வேண்டும்.

எடைபோட்டுச் செய்யுங்கள். மாவு 150 கிராம், தோல் உரித்த பழம் 150, வெல்லம் 100. வெல்லம் இளக இரண்டு மூன்று ஸ்பூன் தண்ணீர் போதும்.

பாலாற்றங்கரை

சார், இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. நாளைக்கே செய்கிறேன்.

போளூர் மாடி வீடு

சமையலில் எனக்கு எதுவும் தெரியாது. ஆனாலும் இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. 1989 வரைக்கும் திருவண்ணாமலையும் நாங்களும் நீங்களும் ஒரே வடாற்காடு மாவட்டம்தான். சின்ன வயதில் தீபத்தன்று ஆறு மணிக்கு எல்லோரும் மாடியில் தெற்கே பார்த்து நிற்போம். வானம் தெளிவாக இருந்தால் மலை உச்சியில் பொட்டு மாதிரி வெளிச்சம் தெரியும். "தெரிஞ்சுது, தெரிஞ்சுது" என்று கத்திக்கொண்டு கீழே ஓடுவோம். அப்புறம்தான் வாசலில் அகல் ஏற்றுவார்கள், அப்புறம்தான் அப்பத் தட்டில் கைவைக்கலாம். நைனா அப்பத்தைப் பிட்டு எங்கள் நாலு பேருக்கும் ஊட்டிவிடுவார். மலையின் உயரம் 2,668 அடி என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்ததே இல்லை, அந்த அப்பத்தின் ருசியும் மறந்ததில்லை. நன்றாகச் செய்யுங்கள் அம்மா.

பாலாற்றங்கரை

இரண்டாவது தடவை செய்துவிட்டேன். தராசில் நிறுத்துப் போட்டேன். இந்தத் தடவை விரியவில்லை! சட்டியில் விட்டதும் உருண்டு திரண்டு மேலே வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஆனால் இரண்டு குறை. ஒன்று, நிறம் சீக்கிரம் கறுப்பாகிவிடுகிறது, உள்ளே நடுவில் ஒரு புளியங்கொட்டை அளவுக்கு இன்னும் ஈரம். இரண்டு, காகிதத்தில் வைத்தால் எண்ணெய் ஊறுகிறது, லேசாகச் சோப்பு வாசனையும் வருகிறது. வெல்லத்தில் மண்ணும் இருந்தது, கடித்தால் நறநற என்கிறது. நான்தான் இந்தத் தடவை வடிகட்டாமல் விட்டுவிட்டேன்.

குடியாத்தம் டீக்கடை

சோப்பு வாசனை சோடாவால் வருவது அக்கா. கால் ஸ்பூன் ரொம்ப அதிகம். அது எண்ணெயையும் குடிக்கவைக்கும், நிறத்தையும் சீக்கிரம் ஏற்றிவிடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளினால் வருமே, அவ்வளவு போதும். அதையும் ஊற்றுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்தான் போட வேண்டும்.

தீயைச் சொல்கிறேன். எண்ணெய் காய்ந்ததும் அடுப்பைக் குறைத்துவிட்டு, மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுங்கள். போட்டதும் துள்ளிக்கொண்டு மேலே வந்தால் சூடு அதிகம். அடியிலேயே உட்கார்ந்துவிட்டால் சூடு போதாது. அடியைத் தொட்டு, மனசுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணுவதற்குள் மேலே வந்தால் அதுதான் பதம். உருட்டுவது எலுமிச்சை அளவுக்கு மேல் வேண்டாம். பெரிதாகப் போட்டால் நடு வேகாது. ஒரு ஈடுக்கு ஐந்தாறு போட்டால் போதும், சட்டியை ரொப்பினால் எண்ணெய் ஆறிவிடும்.

ஆரணி பெரியம்மா

சோடாவே வேண்டாம் கண்ணு. அரிசி மாவு இரண்டு மணி நேரம் இருந்தால் பழமே அதை உப்பவைக்கும். எங்கள் அத்தை சோடா டப்பாவை அடுப்படிக்குள் விட்டதில்லை.

எண்ணெய்க்கு மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெய்தான், செக்கில் ஆட்டியது. நம் பக்கம் விளைகிற மல்லாட்டை இருக்கும்போது பாக்கெட் எண்ணெய் எதற்கு? இனிப்புக்கு அந்த வாசனை பொருந்தும். கடைசி ஈட்டில் இரண்டு ஸ்பூன் நெய்யை எண்ணெயிலேயே விட்டால் வீடே மணக்கும்.

வெல்லம் வெளேரென்று மஞ்சளாக இருந்தால் வாங்காதே. நிறத்துக்காக மருந்து போட்டிருப்பார்கள். கருப்பு கலந்த உருண்டை வெல்லம் வாங்கு. பார்க்க அழகில்லாவிட்டாலும் அப்பத்துக்கு அதுதான் ருசி. எந்த வெல்லமானாலும் வடிகட்டு. வடிகட்டியதை ஆறவைத்துச் சேர். சூடாக ஊற்றினால் மாவு வெந்து கட்டி கட்டியாகப் போகும்.

சமையல்கூட வாத்தியார்

சோடா விஷயத்தில் இரண்டு பேரும் சொல்வது சரி. கோதுமை மாவை உடனே போடுவதென்றால் ஒரு சிட்டிகை உதவும். ஊறவைத்து அரைத்த அரிசிக்குத் தேவையில்லை. வீட்டில் வெப்பமானி இருந்தால் எண்ணெய் 160 முதல் 170 டிகிரிக்குள் இருக்கட்டும். பழத்தின் சர்க்கரை வெறும் சர்க்கரையைவிட வேகமாக நிறம் ஏறும். அதனால் வடை பொரிக்கும் சூட்டில் இதைப் போடவே கூடாது.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கோதுமை மாவு கலந்ததும் அரை மணி நேரம் மூடிவையுங்கள். மாவு ஈரத்தைக் குடித்து, உள்ளே பச்சையாக நிற்பது குறையும். அதற்கு மேல் வைத்தால் நம் ஊர்ச் சூட்டில் புளித்துவிடும்.

திருச்சூர் மகள்

எண்ணெய் குறைவாகச் செய்ய நினைத்தால் குழிப்பணியாரக் கல்லில் ஊற்றலாம். எங்கள் உண்ணியப்பம் அப்படித்தான். குழியில் பாதிக்கு எண்ணெய் விட்டு, காய்ந்ததும் முக்கால் குழிக்கு மாவு. ஓரம் சிவந்ததும் கம்பியால் திருப்ப வேண்டும். குழி பிடித்துக்கொள்வதால் மாவு கொஞ்சம் இளகியிருந்தாலும் பிரியாது. புதுக் கல் என்றால் ஒட்டும். இரண்டு நாள் முன்னாலேயே எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குங்கள். தேங்காய்ப் பல்லை நெய்யில் பொன்னிறமாக வறுத்துப் போடுங்கள், பச்சையாகப் போட்டால் சீக்கிரம் சிக்கு வாசனை வரும். கறுப்பு எள் ஒரு ஸ்பூன், சுக்குப் பொடி கால் ஸ்பூன்.

பாலாற்றங்கரை

இன்றைக்கு அம்மாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். பெரியம்மா எழுதியதைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆயா முன்பெல்லாம் தீபத்தன்று காலையில் பித்தளைக் குண்டானில் பச்சரிசி ஊறப்போடுவாராம், மத்தியானம் ஆட்டுக்கல்லில் ஆட்டுவாராம். முட்டி வலி வந்து கீழே உட்கார முடியாமல் போன பிறகுதான் கோதுமை மாவுக்கு மாறினாராம். நான் சின்னப் பிள்ளை, எனக்கு நினைவிருப்பது கோதுமை அப்பம் மட்டும்தான். அம்மாவுக்கு நினைவிருப்பது அரிசி அப்பம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இதைப் பேசிக்கொண்டதில்லை.

பரணிலிருந்து இரும்புக் குழிக்கல்லை இறக்கிவிட்டோம். ஏழு குழி. துரு பிடித்திருந்தது, புளி போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.

ஆரணி பெரியம்மா

நல்லது கண்ணு. படையலுக்கு அரிசியில் செய். பிள்ளைகளுக்கு வேண்டுமானால் கோதுமையில் செய்துகொள்.

குடியாத்தம் டீக்கடை

அக்கா, மார்க்கெட்டில் தீபத்துக்கு முந்தின நாள் பழம் விலை ஏறிவிடும். நாலு நாள் முன்னாலேயே லேசாகப் பச்சை ஓடிய சீப்பாக வாங்கி வையுங்கள். தோலில் கறுப்புப் புள்ளி விழுந்து, காம்பைத் தொட்டால் உதிர்கிற மாதிரி இருக்கும் அன்று செய்தால் வெல்லத்தில் இன்னும் ஒரு பிடி குறைக்கலாம்.

போளூர் மாடி வீடு

தீபத்தன்று எப்படி வந்தது என்று கட்டாயம் எழுதுங்கள். காத்திருக்கிறோம்.

பாலாற்றங்கரை

தீபம் முடிந்தது. இரவு பத்தரை மணி, வாசலில் அகல் இன்னும் எரிகிறது. படுப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

காலையில் பச்சரிசி ஒரு டம்ளர் ஊறப்போட்டேன். பூவன் சின்னது இரண்டு, வெல்லம் முக்கால் டம்ளரில் ஒரு பிடி குறைத்து. மிக்ஸி இரண்டு தடவை நின்றது. தண்ணீர் ஊற்றக் கை துறுதுறுத்தது, பெரியம்மா சொன்னதை நினைத்து ஊற்றவில்லை. தள்ளித் தள்ளிவிட்டதில் திடீரென்று இளகி, குழைந்து சுற்ற ஆரம்பித்தது. வெல்லம் வடிகட்ட வழியில்லையே என்று முந்தின நாளே இரண்டு ஸ்பூன் தண்ணீரில் இளக்கி, துணியில் வடித்து வைத்திருந்தேன். துணியில் கால் ஸ்பூன் மண் தங்கியிருந்தது. சோடா போடவில்லை.

நாலரை மணிக்குக் குழிக்கல்லை வைத்தேன். மல்லாட்டை எண்ணெயில் நெய் கலந்து குழிக்குப் பாதி. முதல் ஈடு ஒட்டிக்கொண்டது, பிய்ந்துதான் வந்தது. இரண்டாவது ஈட்டில் ஓரம் சிவந்து மேலே சின்னச் சின்னக் கண் விட்டதும் கம்பியைக் கொடுத்தேன், குழியில் அப்படியே சுழன்று திரும்பியது. அந்தச் சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. ஆயா திருப்பும்போதும் கம்பி கல்லில் உரசி இப்படித்தான் கேட்கும். மொத்தம் இருபத்தைந்து வந்தது. வெளியே தேன் நிறம், பிட்டால் ஆவி வந்தது, உள்ளே வலை வலையாக இருந்தது, ஈரம் இல்லை.

கோதுமையிலும் வாத்தியார் சார் கணக்குப்படி ரஸ்தாளி போட்டு ஒரு ஈடு செய்தேன். பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. இரண்டின் அளவையும் அம்மா தன் கையெழுத்தில் காலண்டர் பின்பக்கத்தில் எழுதி, மாவு டப்பாவுக்குள் வைத்திருக்கிறார்.

ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் மலையில் தீபம் ஏற்றியதைப் பார்த்துவிட்டு விளக்கேற்றினோம். ஆயா படத்துக்கு முன்னால் வாழையிலையில் ஐந்து அப்பம், ஐந்து பொரி உருண்டை வைத்தோம். படைத்து முடித்து அம்மா ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டார். கொஞ்ச நேரம் மென்றார். "ஏலக்காய் ஒண்ணு கூடிப்போச்சு" என்றார். ஆயாவிடமும் வருஷா வருஷம் இதைத்தான் சொல்வார்.